பலவேசத்துக்குள் போன கடகடப்பு

சத்தியம், சத்தியம், எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம்! சுண்டங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் உச்சி வெயிலில் நின்றுகொண்டு, காது கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லலாம், இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் சொல்லுகிறவன் தலைமுடி ஒன்று மிச்சமில்லாமல் கொட்டிப்போகட்டும். அது ஏற்கெனவே கொட்டி முடிந்து பல வருஷமாகிறது என்பது வேறு சங்கதி. சத்தியம் என்றால் சத்தியம்தான், அதற்காக முடி முளைக்கிற வரைக்கும் காத்திருக்க முடியுமா?

சுண்டங்குறிச்சியில் பலவேசம் என்று ஒருவர், பழைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் கடகடவென்று கேட்கிற வேண்டாத சத்தத்தைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறவர், அது ஒன்றைத் தவிர வேறு எந்த வேலையும் தெரியாதவர், அந்த ஒன்றும் தெரியுமா என்று அவருடைய மனைவிக்கே சந்தேகம் உள்ளவர். கல்யாண மண்டபத்துப் பெட்டி, கோயில் பெட்டி, கட்சி ஆபீஸ் பெட்டி, எதுவானாலும் பாட்டுக்கு நடுவே அது பல்லைக் கடித்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். உள்ளே கழன்ற திருகாணி கிடக்கும், ஒட்டு விட்ட பலகை இருக்கும், காகிதக் கோனில் ஒயர் உரசும், ஒரு தரம் செத்த பல்லி இருந்தது, ஒரு தரம் கோயில் பூசாரி மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த பீடிக்கட்டு இருந்தது. தன்னைப் போல ஒரு காது ஜில்லாவில் எவனுக்கும் இல்லையென்று பலவேசம் சொல்லுவார். வேறு யாரும் சொல்லாததால் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் மண்டபத்து முதலாளி ஆண்டியப்பன், டூரிங் டாக்கீஸ் காலத்து வேங்கைப் பலகைப் பெட்டி ஒன்றை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். பலவேசத்தின் மார்பு உயரம் நின்றது. மற்ற சத்தமெல்லாம் சுத்தமாய் வரும், தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடி விழுந்தால் மட்டும் தகர டப்பாவுக்குள் தேளைப் போட்டுக் குலுக்கியதுபோல உதறும். இதற்கென்று பலவேசம் ஒரு கேசட் வைத்திருந்தார், அதில் பாட்டு கிடையாது, 'ஊம்ம்ம்' என்று ஒரே ஆழமான முழக்கம்தான். அதைப் போட்டுவிட்டுப் பெட்டியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வந்தார், எந்த இடத்தை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. இடது பக்கத்து உள்சட்டம். பிரித்து, வச்சிரப் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பூசி, மூடினார். இனி அது காய்கிற வரைக்கும் பக்கத்தில் பாரம் சாய்த்து வைக்க வேண்டும். தொழிலில் அதற்கு அம்மிக்கல்தான் முறை. அம்மி பின்கட்டில் கிடந்தது, பலவேசமோ மத்தியானம் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் உண்டு முன்கட்டில் இருந்தார், இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு கிடந்தது. எடையைப் பார்த்தால் அம்மிக்கும் தனக்கும் பெரிய வித்தியாசமில்லை, புத்தியைப் பார்த்தாலும் இல்லை என்று முடிவு செய்து, முழக்கத்தை ஓடவிட்டபடியே பெட்டியைக் கட்டிப்பிடித்துச் சாய்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

எழுந்தபோது பெட்டி, வாயில் வெல்லம் வைத்த பிள்ளை மாதிரி அமைதியாயிருந்தது. 'பலவேசமா கொக்கா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முழக்கத்தை இன்னும் கூட்டினார். கடகடவென்று கேட்டது. பெட்டியில் இல்லை. ஆணி டப்பாவைப் பிடித்துப் பார்த்தார், அதிலில்லை, ஷட்டரைப் பிடித்தார், காலண்டர் தகரத்தைப் பிடித்தார், ஆண்டியப்பன் விட்டுப்போன குடையைக்கூடப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் வேர்வை துடைக்க நெஞ்சில் கை வைத்தாரோ இல்லையோ, சத்தம் நின்றது. கையை எடுத்தார், தொடங்கியது. வைத்தார், நின்றது. அவருக்கு ஆச்சரியமொன்றும் ஏற்படவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் பெட்டியென்றால் பிரித்துப் பார்க்கலாம்.

சங்கதியைக் கேட்ட மனைவி உலகம்மை அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

"ஊர்ப் பெட்டியெல்லாம் சரி பண்ணப் போயி வீட்டுப் பெட்டி ஓட்டையாயிட்டாக்கும்? நல்லா இருக்கு. திருகாணிய முடுக்கிவிட்டுட்டுச் சாப்பிட வாங்க."

மகள் செண்பகவல்லி மட்டும் கவலைப்பட்டாள். அவள் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்ப்பவள், மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் முன்னே பின்னே திருப்பி நிறுத்திப் படமெடுத்தாள்.

"எப்பா, உள்ள எல்லாம் இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. எதுவும் கழலல."

"மண்டையிலயும் எடுத்துப் பாத்தியாட்டி?" என்றாள் உலகம்மை.

"அங்க எடுத்தா படத்துல ஒண்ணும் விழாதும்மா."

பலவேசமும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அந்த மாதமே சிரிப்பு குறைந்தது. செண்பகத்தைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், வாசலில் மணல் லாரி போனபோது பெண்ணைப் பெற்றவர் சலங்கை கட்டிய மாடு மாதிரி குலுங்கியதைப் பார்த்துவிட்டுக் கேசரியை வாயில் வைக்காமல் எழுந்து போனது. அடுத்து வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தன் உடம்பு போனாலும் போகட்டும், தன்னால் பிள்ளை கல்யாணம் நின்றுபோகிறது என்ற ஒன்றுதான் பலவேசத்துக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

வைத்தியம் பார்க்காமலில்லை. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, தன் குழாயில்தான் ஏதோ கோளாறு என்று வேறு குழாய் வாங்கினார். மந்திரிக்கிறவர் இது கன்னி கழியாமல் செத்த பெண்ணொருத்தியின் கொலுசு என்று கண்டுபிடித்துத் தாயத்துக் கட்டினார், மறுநாளிலிருந்து தாயத்தும் சேர்ந்து கடகடத்தது. தொழில் முறைப்படி பலவேசமே தன்னைச் சரிசெய்யப் பார்த்தார். கேசட்டைப் போட்டுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, உலகம்மையை அங்கே அழுத்து இங்கே அழுத்து என்றார். நெஞ்சை அழுத்தினால் சத்தம் முழங்காலுக்குப் போயிற்று, முழங்காலை அழுத்தினால் பல்லுக்கு வந்தது, பல்லைக் கடித்தால் விலாவுக்குள் ஒளிந்தது. பெட்டியில் கடகடப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது, பெரிய வீடு கிடைத்ததும் அறை அறையாகக் குடியிருக்கத் தொடங்கிவிட்டது.

ஊரென்பது எதையும் கொஞ்ச நாள் பார்க்கும், பிறகு உபயோகப்படுத்தும். தூரத்தில் வருகிற இன்ஜின் முழக்கம் மனிதக் காதுக்கு எட்டுவதற்கு முன்னால் பலவேசத்துக்கு எட்டிவிடுகிறது என்பதை முதலில் கவனித்தது பஸ் நிறுத்தத்து டீக்கடை அருணாசலம்தான். கண்மாய்ப் பாலத்தை வண்டி தாண்டும்போதே இங்கே இவர் உதறத் தொடங்கிவிடுவார், அதிலும் தென்காசி பஸ் என்றால் முழங்காலில், டவுன் பஸ் என்றால் பல்லில், மணல் லாரி என்றால் விலாவில், மினிபஸ் என்றால் காதோரம் என்று அததற்கு ஓர் இடம் இருந்தது. அருணாசலம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து சுண்டங்குறிச்சியில் எவரும் சாலையை எட்டிப் பார்க்கவில்லை, பலவேசத்தைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, தென்காசி வண்டி வருதா?"

"முழங்கால்ல ஒண்ணும் இல்லையே."

"பல்லு?"

"பல்லுல லேசா இருக்கு."

"அப்போ டவுன் பஸ்ஸு. ஏட்டி, உக்காரு, இன்னொரு டீ குடிச்சிட்டுப் போவோம்."

அரிசி புடைக்கிற பெண்கள், இடி இடிக்கிறதுக்கு முன்னாலேயே இவர் உதறுவதைப் பார்த்துத் தார்ப்பாயை இழுத்து மூடக் கற்றுக்கொண்டார்கள். தவில்காரர்கள் வார் இழுத்த தவிலைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் எதிரே நாலு தட்டுத் தட்டி, விலா ஒலித்தால் சரி, முழங்கால் ஒலித்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போனார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாட வந்த அம்மாள், குடத்தில் அடி விழுகிறபோதெல்லாம் கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒத்து வாசிக்கிறார்கள் என்று தேடிப்பார்த்து, இவரைக் கண்டுபிடித்து மேடையில் ஏற்றி உட்காரவைத்துக் கொண்டாள். வருஷா வருஷம் கோயில் கமிட்டி மீட்டிங்கில் பலவேசத்தை ஆளாகக் கணக்கிடுவதா, வாத்தியமாகக் கணக்கிடுவதா, பந்தியில் முதலில் உட்காரவைப்பதா மேளக்காரர்களோடு கடைசியில் உட்காரவைப்பதா என்று கைகலப்பு வரைக்கும் போய், இரண்டு பந்தியிலும் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தைப் பலவேசம் எதிர்க்கவில்லை.

"உபயோகமில்லாம இருந்த மனுசன்," என்று உலகம்மையே அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள், "இப்போ ஊருக்காவது உபயோகமா இருக்காரு."

இப்படி ஊருக்குப் பழகிப்போன சத்தம் வெளியூருக்குப் பழகவில்லையே. செண்பகத்தோடு அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற முத்துநயினார் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, பையனுக்கும் அவளைப் பிடித்திருந்தது, வீட்டில் சொல்லிவிட்டான், பையனுடைய அப்பா நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தார். வந்த எவனையும் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் காப்பித் தட்டோடு நின்ற செண்பகம், முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்: "எப்பா, இது மட்டும் நின்னுபோச்சுன்னா இனிமே யாருக்கும் நான் காப்பி தூக்க மாட்டேன்."

பலவேசம் தன்னுடைய தொழிலில் கற்றதையெல்லாம் தன் மேல் பிரயோகித்தார். பனியனுக்குள் கம்பளித் துணி வைத்துத் தைத்தார், இடுப்பைச் சைக்கிள் டியூபால் இறுக்கினார், முழங்காலில் துண்டு, பல் ஆடாமலிருக்க வாயில் ஒரு கருப்பட்டித் துண்டு. அன்றைக்கு வெளியூர் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்டுப்பார்த்தார், "பெத்தவன் இல்லாத வீடா இது?" என்று உலகம்மை சீறினாள்.

அப்போதுதான் ஊர் எழுந்து நின்றது. பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு மில்லை மூடினார்கள். தவில்களைப் போர்வைக்குள் சுற்றி வைத்தார்கள். மணல் லாரிகளைக் கண்மாய்க் கரை வழியாகத் திருப்பிவிட்டார்கள். தென்காசி பஸ் டிரைவர், பாலத்துக்கு முன்னாலேயே இன்ஜினை அணைத்துச் சரிவில் உருட்டிக்கொண்டே வந்து நிறுத்துவதாகவும், கிளம்பும்போது பிரயாணிகள் எல்லோரும் இறங்கித் தள்ளிவிடுவதாகவும் ஏற்பாடு. அருணாசலம் ரேடியோவை மூடினார். ஆண்டியப்பனின் எருமைமாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற ஜாதி என்பதால் அதைக்கூட அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் முழங்கக்கூடிய அத்தனையும் அடங்கிக் கிடந்தது. இன்ஜினை யோசித்தார்கள், இடியை யோசித்தார்கள், மாட்டை யோசித்தார்கள், மனுஷத் தொண்டையை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டியவர் தரகர் சிதம்பரநாதன். பையனின் அப்பா குத்தாலிங்கத்துக்கு வயல் இத்தனை, கத்தரிக்காய் ஆகாது, மூட்டுவலி உண்டு என்று எல்லாம் சொன்னவர், குரலைப்பற்றிச் சொல்லவில்லை. தரகருக்கு இரண்டு காதும் பாதி செவிடு, அவர் கணக்கில் உலகத்திலேயே சாதாரணமாகப் பேசுகிற ஒரே மனிதர் குத்தாலிங்கம்தான்.

குத்தாலிங்கம் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மும்முறை கூப்பிடுகிற வேலை. மூன்றாம் முறை கூப்பிடுகையில் எதிர்வரிசைக் கடையில் சர்பத் பாட்டில்கள் நகரும் என்பார்கள். தலை நிறைய நரைமுடியோடு அந்த மனிதர் மகனுடன் காரிலிருந்து இறங்கினார், செருப்பைக் கழற்றினார், பாயில் அமர்ந்தார், பலவேசத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சௌக்கியமா?"

முழங்கால், விலா, பல், காதோரம் என்று ஒன்று விடாமல் பலவேசம் மொத்தமாகக் கடகடத்தார். ஒரு பஸ்ஸுக்கு ஓர் இடம் என்று பங்கு வைத்திருந்த உடம்பு, அந்தக் குரலுக்கு முழுசாக எழுந்து ஆடியது. கருப்பட்டி வாயிலிருந்து தெறித்துத் தாம்பாளத்து வாழைப்பழத்தின் மேல் விழுந்தது.

கூடத்தில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் அப்போது ஒன்று செய்தார்களே, அதைச் சுண்டங்குறிச்சிக்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். அருணாசலம் டம்ளருக்குள் ஸ்பூனை விட்டுக் குலுக்கத் தொடங்கினார், இது என்னமோ இந்த ஊரில் பொதுவாகக் கேட்கிற சத்தம் என்பதுபோல. பெண்கள் வளையலைக் குலுக்கினார்கள். ஆண்டியப்பன் சாவிக்கொத்தை எடுத்தார். யாரோ கைக்குழந்தையின் கிலுகிலுப்பையைப் பிடுங்கி ஆட்டினார்கள், குழந்தை வீறிட்டது. குத்தாலிங்கம் வாயை மூடினார், எல்லோரும் நிறுத்தினார்கள். "என்னவே இது?" என்றார், எல்லோரும் குலுக்கினார்கள்.

"நான் வாயத் தொறந்தா ஊரே ஆடுது?"

குலுக்கல்.

"கேலியா பண்ணுதீரு?"

பிரமாதமான குலுக்கல். வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குத்தாலிங்கம் எழுந்து நின்றார். முத்துநயினாரும் கூடவே எழுந்தான். காப்பித் தட்டோடு உள்ளறை வாசலில் நின்ற செண்பகம், தட்டைத் தரையில் வைத்துவிட்டு நேரே நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் கையில இருக்கறத கீழ வைங்க," என்றாள். வைத்தார்கள். "மாமா, இப்போ பேசுங்க."

"என்னத்தம்மா பேச?"

எல்லோருடைய கையும் சும்மா இருந்தது. பலவேசம் மட்டும் கடகடத்தார்.

"எங்கப்பா இப்படித்தான் மாமா. கேலி இல்ல. ஒரு பெட்டியச் சரி பண்ணும்போது அதுல இருந்தது அவங்களுக்குள்ள போயிட்டு. கனத்த சத்தம் கேட்டா உதறுவாங்க. மறைச்சது தப்பு. வேண்டாம்னா சொல்லிருங்க, காப்பி மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார். 'அம்மியைத் தூக்கச் சோம்பல்பட்ட நாயே' என்று தன்னை மனத்துக்குள் திட்டினார், திட்டியதிலும் சத்தம் நிற்கவில்லை, ஏனென்றால் குத்தாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

அவர் போகவில்லை. பாயை இழுத்துப் பலவேசத்துக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்தார். "கல்லுக்குளம் ஆவுடையாச்சி, ஆவுடையாச்சி, ஆவுடையாச்சி," என்று கோர்ட்டில் கூப்பிடுகிற தோரணையில் மெல்லக் கூப்பிட்டார். பலவேசத்தின் விலாவெல்லாம் ஒலித்தது.

"எங்கம்மை பேரு," என்றார் குத்தாலிங்கம். பிறகு அம்மாவைப்பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் கிணற்றில் தவறி விழுந்த ஆட்டுக்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு ஏறியது, தான் டவாலி சீருடை போட்டு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது போலீஸ் என்று நினைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்தது, சாகிற அன்று மகன் கோர்ட்டில் யார் யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்குப் பலவேசத்தின் பல் ஒலித்தது, அரிசிப் பானைக்கு முழங்கால் ஒலித்தது, கடைசிச் சங்கதிக்கு எது ஒலித்தது என்று பலவேசத்துக்கே தெரியவில்லை, அதுவரைக்கும் ஒலிக்காத ஓர் இடம் அது. கேசரி ஆறிப்போயிற்று. பஸ்ஸைத் தள்ளுவதற்கு இறங்கியவர்கள் தள்ளாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன வருசம் ஊர்ப் பேரெல்லாம் கூப்பிட்டேன்," என்றார் குத்தாலிங்கம். "கூப்பிட்டா ஓடி வருவான். வந்து ஜட்ஜத்தான் பாப்பான், என்னைய ஒருத்தனும் பாக்க மாட்டான். வீட்டுல பேசுனா இவன் 'ம்'பான், இவங்கம்மை பொறவாசலுக்குப் போயிருவா. மனுசன் காதால கேப்பான், பாதி கேப்பான், கேக்காத மாதிரியும் இருப்பான். இவரு ஒருத்தருதான்வே உடம்போட கேக்காரு."

பிறகு தரகரைத் திரும்பிப் பார்த்து, "நாள் பாரும்," என்றார். தரகர் காதில் அது சரியாக விழுந்தது.

கல்யாணம் ஆண்டியப்பன் மண்டபத்தில்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பலவேசம் சம்பந்தி வீட்டுக்குப் போய் எதிரே உட்கார வேண்டும், அதுதான் குத்தாலிங்கம் கேட்ட ஒரே சீர். தங்கம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், இந்த மனுஷன் என்னையே கேட்கிறாரே என்று பலவேசம் புலம்பிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டங்குறிச்சியில் ஸ்டூல் காலியாகக் கிடந்தது, சனங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுச் சம்பந்தியை வைதார்கள். போன இடத்தில் பலவேசத்துக்கு வேலையொன்றும் இருக்கவில்லை. உடம்பு பாட்டுக்கு அது ஒலிக்கும், அவர் பாட்டுக்கு வாயைத் திறந்தபடி தூங்குவார், குத்தாலிங்கம் கண்ணை மூடிப் பேசுகிறவராதலால் தெரியாது.

தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் கொட்டியது. தவில்காரர்கள் நன்றிக்கடனோ என்னவோ தோலைக் கிழிக்கிற மாதிரி அடித்தார்கள், மண்டபமே அதிர்ந்தது, அட்சதை போட எழுந்த பலவேசம் நெஞ்சுக்குள்ளிருந்து எதுவோ ஒரு சின்னத் திருகாணியைப்போலக் கழன்று கால்வழியாக இறங்கிப் போவதை உணர்ந்தார். குனிந்து பார்த்தார், அட்சதை அரிசிதான் கிடந்தது. மேளம் முழங்கிக்கொண்டேயிருந்தது. அவர் உடம்பு கிணற்றடிக் கல் மாதிரி சும்மா நின்றது.

எந்தச் சத்தம் போகவேண்டுமென்று ஊரிலுள்ள சாமியையெல்லாம் கும்பிட்டாரோ, அது போனதும் அவர் விரல்விட்டு நாளை எண்ணத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறதே! சம்பந்தி பேசுவார், இங்கே ஒன்றும் ஒலிக்காது, 'நீரும் ஊரோட சேந்துட்டீரா' என்று அந்தப் பெரிய குரல் சுருங்கிப்போகும், வாழப்போன வீட்டில் பிள்ளைக்கு முகம் எப்படியிருக்கும்? ஊரார்க்கு மட்டும், சத்தம் கல்யாணத்தோடு மொத்தமாகச் சம்பந்தி பக்கம் சாய்ந்துவிட்டது, இனி மற்ற எதற்கும் உதறாது என்று சொல்லி வைத்தார். பஸ்ஸுக்குச் சாலையையே எட்டிப் பார்க்கவேண்டி வந்ததில் எல்லோருக்கும் கழுத்துவலி.

பிறகு கடைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கடகடப்பை நிறுத்துகிற தொழில் செய்தவர், வயசான காலத்தில் ஒரு கடகடப்பைச் செய்ய உட்கார்ந்தார். தீப்பெட்டிக்குள் திருகாணி போட்டார், ஏதோ சைக்கிள் போகிற மாதிரி இருந்தது. டப்பாவுக்குள் சில்லறை போட்டார், கோயில் வாசல் நினைவு வந்தது. மொச்சை போட்டால் செத்த சத்தம், மணல் போட்டால் பாம்புச் சத்தம். பழைய பல்பொடி டப்பா ஒன்றில் கம்பளி ஒட்டி அதற்குள் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கியபோதுதான், அவருடைய விலா தன் சொந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டது. அதைப் பனியனுக்குள் கட்டிக்கொண்டு, முழங்காலை ஆட்டினால் குலுங்குகிற மாதிரி ஒரு நூலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அப்போதுதான் அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தது. உடம்பு தானாக ஒலித்த காலத்தில் தூங்கலாம். இப்போது முழங்காலை எந்த இடத்தில் ஆட்டவேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், சோகமென்றால் எவ்வளவு, வேடிக்கையென்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அந்த மனிதர் சொல்லுகிறதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கவேண்டியிருந்தது. பலவேசம் கேட்டார். ஆவுடையாச்சியின் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் சின்னராசு என்பதெல்லாம் அவருக்கு அந்த வாரம்தான் தெரியும். அடுத்த வாரம், போன வாரக் கதையில் விட்டுப்போனதை இவரே நினைவூட்டினார். கண்ணை மூடிப் பேசுகிற குத்தாலிங்கம் கண்ணைத் திறந்து ஒரு தடவை இவரைப் பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார்.

தலைதீபாவளி கழிந்து பிள்ளையும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன மறுவாரம், சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் மூலமாக ஒரு பை வந்தது. அதிரசம், முறுக்கு, அடியில் மல்துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு. உலகம்மை அவிழ்த்துப் பார்த்தாள்.

"இது என்னது, புளியங்கொட்டை? கழுவிக் காயப்போட்டு, ஒண்ணு போல ஒண்ணு பொறுக்கி அனுப்பிருக்காரு. எனக்கும் உங்களுக்கும் பல்லாங்குழி ஆடுத வயசா இது? உங்க சம்பந்திக்கு என்ன ஆச்சு?"

டப்பாவுக்குள்ளிருந்த கொட்டைகள் தேய்ந்து சத்தம் மழுங்கிவிட்டிருந்தது ஜில்லாவில் எவனுக்கும் இல்லாத பலவேசத்தின் காதுக்குத் தெரியவில்லை, எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. முடிச்சை மடியில் செருகிக்கொண்டவர், உலகம்மை முறுக்கோடு அந்தப் பக்கம் போனதும் கடைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுசை நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். குத்தாலிங்கம் பேசினார். இவர் முழங்காலை ஆட்டினார். பேச்சு முடிந்து காப்பி வந்தபோது குத்தாலிங்கம் மட்டும் சொன்னார்:

"சம்பந்தி, இன்னைக்குச் சத்தம் நல்லா இருந்தது."

"நீரு சொன்னதும் நல்லா இருந்தது," என்றார் பலவேசம்.

அதற்குமேல் அவர்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை, இனிமேலும் பேசப்போவதில்லை. ஆகையால் ஐயா, அம்மா, கேட்டதைக் கேட்டதோடு வைத்துக்கொள்ளுங்கள். செண்பகத்துக்குத் தெரியாது, உலகம்மைக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியவே தெரியாது. வாய் நிற்காமல் யாரிடமாவது சொல்லித்தான் தீருவீர்களென்றால் சொல்லிக்கொள்ளுங்கள், யார் சொன்னதென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டப்பா விஷயம் தெரிந்தது உலகத்திலேயே இரண்டு கிழவன்களுக்குத்தான், அதில் ஒருவனுக்குத் தலையில் முடி இருக்கிறது.